ஏழாம் அத்தியாயம் போன விவரம்

அன்பு மகள் டுஃபிக்கு, குமாசியிலிருந்து அம்மா எழுதுவது.

என் போனில் இருந்த உன் புத்தகத்திலிருந்து ஏழாம் அத்தியாயம் போய்விட்டது. மற்றபடி நான் சுகம், முழங்கால் கொஞ்சம் தேவலை, மழையில் துணி வாங்க வருகிறவர்கள் குறைவு. நீயும் மருமகனும் குழந்தையும் கனடாக் குளிரில் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, எழுத்துப் பிழைகளைத் திருத்திப் புதிதாகப் போட்டிருக்கிறேன், போன் கேட்டால் சரி என்று அமுக்கும்மா என்றாய். அமுக்கினேன். மறுநாள் காலை கடை திறக்குமுன் பார்க்கிறேன், ஆறாம் அத்தியாயத்துக்கு அடுத்து பாட்டி வீட்டுக் கதை வருகிறது, உன் தம்பி இன்டிம் ஆற்றுக்குப் போய்த் திரும்பாத நாள் இல்லை. நான் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்த இடங்களும் இல்லை.

நான் படித்தது ஆறாம் வகுப்பு, மெதுவாகத்தான் படிப்பேன், அந்த அத்தியாயத்தை மட்டும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்குமேல் எனக்கு இறங்கவில்லை. அன்று நான் டெச்சிமான் சந்தையில் இருந்தேன், நீதான் அவனோடு இருந்தாய், பத்தொன்பது வருடமாக நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி உன் கையில் கொடுத்தான் என்கிற இடம்வரை வந்திருந்தேன். சரி, அச்சில் ஏதோ தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். புதன்கிழமை தேவாலயத்தில் பெண்கள் கூடியபோது பக்கத்துக் கடை அஃப்ராகோமா அந்தச் செருப்பைப் பற்றிப் பேச, மற்றவர்கள் அப்படி ஒன்றும் புத்தகத்தில் இல்லையே, நீயாகக் கட்டிச் சொல்கிறாய் என்று சிரித்தார்கள். அவள் போனைத் திறந்து முகத்துக்கு நேரே நீட்டினாள், அதில் ஏழாம் அத்தியாயம் அப்படியே இருந்தது. அவள் பேசுவதற்கு மட்டும்தான் காசு போடுவாள், உன் புத்தகத்தை ஒருமுறை இறக்கிக்கொண்ட பிறகு நெட்டுக்குப் போட்டதே இல்லை. உங்க போனெல்லாம் பெரிய இடத்துப் போனு, மேல இருந்து சொன்னா கேட்டுக்கும், என்னுது மக்கு, வாயில போட்டத முழுங்கிட்டு சும்மா கெடக்கும் என்றாள்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, தாய் எங்கே போனாள் என்று புத்தகத்தைப் படித்தவர்கள் எழுதுகிறார்கள், உனக்காகத்தான் எடுத்தேன் என்று செய்தி அனுப்பினாய். இந்தச் சந்தையில் பத்தொன்பது வருடமாக என் முகத்துக்கு நேரேயே அதைக் கேட்கிறார்கள், டுஃபி. நான் விற்ற துணியில் சாயம் போனால் வாங்கினவள் கொண்டுவருவாள், மாற்றித் தருவேன். அவள் அலமாரியை நானாகத் திறந்து எடுத்ததில்லை. திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். உன் புத்தகம், உன் விருப்பம். ஆனால் இப்போது நான் படிக்கிறேன் என்று தெரிந்துவிட்டதால், எனக்காக ஒரு வரியையாவது மென்மையாக்கிவிடுவாய். எனக்கு அது வேண்டாம். நான் படிப்பது தெரியாதபோது எழுதினாயே, அதுதான் வேண்டும்.

நீ அழுதால் உடனே கூப்பிடாதே, தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிடு. நான் அழவில்லை, அழுகை வருமென்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை, கடையைத் திறந்துவிட்டேன். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மருமகனுக்கு என் விசாரிப்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கடவுள் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

நம்பர் பழையதுதான், ஆனால் படம் அனுப்பாதே, முகம் பார்த்துப் பேசுவதும் கிறிஸ்துமஸ் வியாபாரம் முடிந்து வேறு போன் வாங்கும்வரை இல்லை. அந்த அத்தியாயத்தைப் படிக்க அவள் போனை இரவல் கேட்டேன், அஃப்ராகோமா தரவில்லை. அக்கா, நீ பேரம் பேசுற மொகத்தப் பாத்தாலே வெலை ஏறுது என்றாள். பேசி முடித்தது இப்படி: நீ வாங்கி அனுப்பிய புதுப் போன் அவளுக்கு, அவளுடைய உடைந்த போன் எனக்கு, அதில் நான் ஒருநாளும் நெட் போடுவதில்லை, படித்து முடித்தாலும் திருப்பிக் கேட்பதில்லை.

அம்மா,
செர்வா போட்டெமா