ரவிக்கை நூல் கட்டிய வயர்கள்

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிய மறுநாள். காலை ஏழு மணிக்கே பனியன் நனைந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் காலி செய்ய இன்னும் இருபத்தாறு நாள்.

பொம்மை ரயிலின் தண்டவாளத்தைத் துடைத்தேன். பஞ்சில் ஸ்பிரிட், மூன்று சுற்று. பஞ்சு முழுக்கக் கறுப்பு. ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இந்த ஊர்ச் சுரங்கத் தூசு எப்படியோ உள்ளே வந்துவிடும்.

அளந்து பார்த்தேன். இந்த ஊரையே பொம்மையாக வைத்துக் கட்டிய ரயில் லேஅவுட், எட்டடிக்கு ஆறடி. அறைக் கதவு இரண்டரை அடி. ஜன்னலில் கம்பி. லேஅவுட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அறைக்குள்ளேயே வைத்து வெல்டிங் செய்யச் சொன்ன புத்திசாலி நான்தான். வேலையில் சேர்ந்த அன்றே ரிட்டயர் ஆகும் தேதி தெரியும். தெரிந்தும் கடைசி வரை இந்த அறையிலேயே இருக்கப்போகிறவன் மாதிரி கட்டியிருக்கிறேன். எங்கள் பிளாக்கில் நான் மட்டும் அல்ல. எதிர் வீட்டுக்காரர் பின்பக்கம் மீன் தொட்டி கட்டினார், சிமென்ட்டில். போகும்போது தானே சம்மட்டியால் உடைத்தார்.

கோமதி பதினொரு மணிக்கு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். இருபது நிமிடம் ஓட்டினேன். "பன்னெண்டு பெட்டி" என்றாள். சரிதான். பன்னிரண்டு.

மே 7, புதன்

டாக்டரிடம் கோமதியை அழைத்துப்போனேன். என்ன கிழமை என்று கேட்டார். "உங்களுக்கே தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டாள். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வெளியே வரும்போது என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார். இடம் மாறினால் இந்த மறதி நோய்க்காரர்கள் ரொம்பக் குழம்புவார்கள். தினமும் பார்த்துப் பழகிய ஏதாவது ஒன்றை, அதே நேரத்தில், அதே மாதிரி காட்டுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

தினமும் பார்ப்பது என்றால் ரயில்தான். மதியமானால் "வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம்" என்று வீட்டுக்குள்ளேயே செருப்பைத் தேடுகிறவள், ரயில் ஓடினால் உட்கார்ந்துவிடுகிறாள்.

மகள் செல்வி கோயம்புத்தூரிலிருந்து போன். "அப்பா, அத யாருக்காவது குடுத்துடுங்க. அம்மாவப் பாப்பீங்களா, பொம்மை ரயிலத் தூக்கிட்டு அலைவீங்களா?"

அம்மாவைப் பார்க்கத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. "சரிம்மா" என்றேன். அடுத்து நாங்கள் போகும் பண்ருட்டி வீட்டுக்கு மூன்று துண்டாக வெட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

வாங்க வேண்டியது: தக்காளி, ஹேக்ஸா பிளேடு 2, கோ. மாத்திரை.

மே 11, ஞாயிறு

அனல் காற்று. கரண்ட் இரண்டு முறை போனது.

லேஅவுட்டை வெட்டும்போது சுவிட்ச் போர்டு உடைந்துவிடக் கூடாதே என்று அதை முதலில் கழற்றினேன். முப்பத்தெட்டு வயரையும் பிடுங்கி, போர்டைச் சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்த பிறகுதான் உறைத்தது. எந்த வயர் எந்த சுவிட்சுக்கு என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

மைன்ஸில் முப்பத்திரண்டு வருடம் எலெக்ட்ரிகல். டிராயிங் இல்லாமல் ஒரு பேனலைத் திறக்க எவனையும் விட்டதில்லை. திட்டியிருக்கிறேன், மெமோ கொடுத்திருக்கிறேன். சொந்த வீட்டில் டிராயிங் கிடையாது. எல்லாம் ஒரே கறுப்பு வயர், ஒரே சுருளில் வாங்கியது.

டிராயிங் தேவைப்பட்டதே இல்லை. கோமதி இருந்தாள். நான் மேலே தண்டவாளம் போட, அவள் மேஜைக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வயர் நுனியிலும் கலர் நூல் கட்டினாள். தையல் மெஷின் டப்பாவில் மிஞ்சிய நூல். "எது ஸ்டேஷன் லைட்டு?" என்றால் குனிந்து ஒன்றை எடுத்து நீட்டுவாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

மீட்டர் வைத்துத் தேடலாம். முப்பத்தெட்டு தடவை கீழே படுத்து எழ வேண்டும். இரண்டோடு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவசரத்தில் ஒன்றுக்கு வோல்ட்டைக் கூட்டிக் கொடுத்ததில் சிக்னல் பல்பு ஒன்று போனது.

மே 14, புதன்

கோ.விடம் வயர்களைக் காட்டினேன். இது எது? "நூலு." எதுக்குக் கட்டின? "நீங்கதான சொன்னீக." எந்த சுவிட்ச்? ஜன்னலைப் பார்த்தாள்.

நான்காவது முறை கத்திவிட்டேன். "நீ கட்டினதுதானே, யோசிச்சுச் சொல்லேன்."

எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். சின்னப் பிள்ளையைப் போல. போய்க் கூப்பிட்டதற்கு, "அடிக்காதீக" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் மேல் கை வைத்ததே இல்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

உண்மையை எழுதிவைக்கிறேன். நான் கேட்டது வயருக்காக மட்டும் அல்ல. இது ஒன்றாவது அவளுக்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டேன். அதனால்தான் அவ்வளவு கோபம்.

ரயில் நின்று மூன்று நாள். அவள் செருப்பைப் பீரோ மேல் ஒளித்துவைத்திருக்கிறேன்.

மே 17, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலை, முத்தாண்டிக்குப்பத்துக்காரி, அறை பெருக்க மேஜைக்கடியில் குனிந்தாள். குனிந்தவள் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, இது இன்னாங்க, என் ஜாக்கெட்டு நூலு இங்க தொங்கிக்கினு கீது? அம்மா எனக்கு பொங்கலுக்கு தச்சிக் குடுத்தாங்களே, ராமர் பச்ச. அந்த நூலுதாங்க."

ஸ்டூலில் இருந்த கோமதி திரும்பினாள். "அஞ்சலைக்கு ராமர் பச்சை. அது கேட்டு. லெவல் கிராசிங் கேட்டு" என்றாள். ஏதோ நேற்றுத்தான் கட்டிய மாதிரி.

அடுத்த நூலை எடுத்தேன். இது எந்த வயர் என்று கேட்கவில்லை. "இது யார் ரவிக்கை?" என்றேன்.

"டீச்சரு. மாம்பழக் கலரு. கழுத்து ரொம்ப இறக்கமாப் போச்சின்னு பிரிச்சுத் தச்சேன். ஸ்டேஷன்ல தடம் பிரியுற மொதப் பாயின்ட்டு."

இவ்வளவுதான். பிளாக்கில் யார் யாருக்கு என்ன தைத்தாளோ, அந்த வரிசையில் ரயிலை ஞாபகம் வைத்திருந்திருக்கிறாள். பதினொரு வருடம் இது எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

மே 20, செவ்வாய்

தினமும் காலையில் மட்டும் கேட்கிறேன். பக்கத்தில் அஞ்சலையும் இருந்தால் நன்றாகச் சொல்கிறாள். இதுவரை:

ஆனந்தா நீலம் – நர்ஸம்மா – பிளாட்பாரம் லைட்
அரக்கு – எதிர் வீட்டு அக்கா, மகள் நிச்சயதார்த்தம் – மைன்ஸுக்குப் பிரியும் சைடிங் பாயின்ட்
மயில் கழுத்து – கேன்டீன்காரர் சம்சாரம் – இரண்டாவது பாயின்ட்
வெள்ளை – பள்ளிக்கூட யூனிஃபார்ம், செல்விக்கு – குவார்ட்டர்ஸ் தெரு விளக்கு
வாடாமல்லி – "அது எனக்கு. தைக்கவே இல்ல." எந்த சுவிட்ச்? தெரியவில்லை.

இதுவரை சொன்னதில் மீட்டர் வைத்துப் பார்த்த நான்கும் சரி.

மே 22, வியாழன்

இன்றோடு இருபத்தொன்பது வயருக்குப் பதில் கிடைத்துவிட்டது. மிச்சம் ஒன்பது. டீச்சர் யார் என்று இன்று என்னைக் கேட்டாள். இனிமேல் தொந்தரவு செய்யப்போவதில்லை.

வெட்டினேன். அறுக்கும் இடத்தில் வயர்களுக்கு இரண்டு பக்கமும் நம்பர் ஒட்டிய பிறகுதான், இந்த முறை. முந்திரித் தோப்புக்கு நடுவே ஒரு கோடு, குவார்ட்டர்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே ஒரு கோடு. முந்திரி மரமெல்லாம் அவள் ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கியது. பிளேடு பட்டதும் ஏழெட்டு மரம் பொடியாக உதிர்ந்தது. குவார்ட்டர்ஸ் பின்னால் அவள் கட்டிய துணிக்கொடி, கடுகளவு சட்டைகளோடு, அப்படியே தப்பித்தது.

கோ.வை அஞ்சலை வெளியே உட்கார வைத்திருந்தாள். சத்தம் கேட்டிருக்கும்.

மே 25, ஞாயிறு

சாமான் கட்டும்போது அரை மணி நேரம் அசந்துவிட்டேன். கோ. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள், வெறுங்காலோடு. அஞ்சலைதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிடித்திருக்கிறாள்.

"காலு கொப்பளிச்சிப் போச்சிங்க. எங்கம்மா போறீங்கன்னு கேட்டா, வூட்டுக்காரரு ஷிஃப்ட் பஸ்ஸுல வருவாரு, கூப்டுக்கினு வரணும்னு சொல்றாங்க. ஐயா வூட்லதான் கீறாருன்னு சொல்லி இட்டாந்தேன்."

காலுக்கு மருந்து போட்டேன். செருப்பை ஒளித்தவன் நான்.

மே 29, வியாழன்

குவார்ட்டர்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். சுவரில் ஆணி ஓட்டை, தரையில் சட்டம் நின்ற ஆறு துரு வட்டம். "இங்க என்ன சார் மிஷின் ஓட்டினீங்க?" என்றார். ரயில் என்றேன். எழுதிக்கொள்ளவில்லை.

சாவி கொடுத்தாயிற்று. டெம்போவில் மூன்று துண்டும் நிமிர்த்தி. கோ. முன் சீட்டில், என் கையைப் பிடித்துக்கொண்டு. வழியெல்லாம் பலாப்பழ வாசனை. அஞ்சலை பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிட்டாள், ஒரு வாரம் இருந்து பழக்கிவிடுகிறேன் என்று.

ஜூன் 1, ஞாயிறு

பண்ருட்டி. வீடு சின்னது. சமையலறை எந்தப் பக்கம் என்று கோ. ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை கேட்டாள். சாப்பிடவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறாள்.

மூன்று துண்டையும் சேர்த்து போல்ட் போட்டேன். போர்டைச் சேலையிலிருந்து பிரித்தேன். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக. டீச்சர், நர்ஸம்மா, அஞ்சலை.

ஜூன் 5, வியாழன்

மூட்டம். மழை இல்லை.

ஓடியது. பகல் ஒன்றரை மணிக்கு. ஒன்பது சுவிட்ச் செத்துக் கிடக்கிறது, தெரு விளக்கு இரண்டு எரியவில்லை, ஆனாலும் ரயில் முழுச் சுற்று வந்தது. இணைப்புகளில் மட்டும் கொஞ்சம் தட்டல்.

சத்தம் கேட்டு கோமதி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஸ்டூலை அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாரமாக இருந்த அந்த மிரட்சி முகத்தில் இல்லை. "பன்னெண்டு பெட்டி" என்றாள். அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வளைவில் ஒரு பெட்டி தடம் இறங்கியது. எடுத்து வைக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "அவுகளுக்கு யாரும் தொட்டா பிடிக்காது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்கு வந்துருவாக. நீங்க அப்புறமா வாங்களேன்."

அஞ்சலை ஏதோ சொல்ல வந்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன். "சரிங்கம்மா" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், எதிரே முந்திரி குடோன் நிழலில் நின்றேன். யாரோ மணி கேட்டார்கள், சொன்னேன். வேறு ஒன்றும் யோசித்ததாக நினைவில்லை.

சரியாக இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினேன்.

அவளே திறந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. எத்தனை மாதம் ஆயிற்று அதைப் பார்த்து.

"வந்துட்டீகளா? யாரோ ஒரு வயசானவர் வந்து ரயில்ல கை வைக்கப் பாத்தாரு. பாவமா இருந்துச்சு. ஆனாலும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கை கழுவுங்க, சோறு போடுதேன்."

"நல்லவேளை, சொன்னியே" என்றேன்.