தொலியில் தெரிந்த நிறம்

இன்று காலை, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வந்த ஒரு கன்டெய்னரை எங்கள் மில் முற்றத்தில் திறந்தார்கள். கதவின் இரும்புத் தண்டைத் தூக்கி இழுத்ததும் உள்ளேயிருந்து அந்த மணம் வந்தது. வாரக்கணக்காகக் கடலில் அடைபட்டுக் கிடந்த சாக்கும் தூசியும் பருப்பும் சேர்ந்து புழுங்கிய மணம். சுமை இறக்குகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகினார்கள். நான் விலகவில்லை. என் வலது கை மட்டும் தானாக எதையோ பிடிக்கத் தேடியது. அது தேடியது உன் தோளை என்று சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இது நீ அறியாத மில். இங்கேயும் எனக்கு அதே வேலைதான். வந்த சரக்கைக் குத்தூசியால் குத்தி எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, கல் எவ்வளவு, சொத்தை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போடுவது.

பூதப்பாண்டிக்கு அருகில் நாம் இருந்த பழைய மில்லில் நீ நிறம் பிரிக்கும் மிஷினைப் பார்த்துக்கொண்டாய். சல்லடையும் உன் பொறுப்பில்தான் இருந்தது. அருமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். பிறகு உன் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து அனுப்பியதில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வெள்ளைச் சேலையோடு என் வீட்டுக்கு வந்து, என் அம்மாவிடம் உளுந்தங்கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற அளவுக்கு நாம் நெருங்கியிருந்தோம். நாம் இருவருமே திருநெல்வேலிக்கு அப்பால் போனதில்லை. ஆனால் நம் கைக்குள் கனடாவும் ஆஸ்திரேலியாவும் வந்து போயின. மொசாம்பிக்கிலிருந்து துவரை, பர்மாவிலிருந்து உளுந்து. சாக்கில் அச்சடித்த ஊர்ப்பெயரை நீ எழுத்துக்கூட்டிப் படிப்பாய். "அங்க மழ ஒழுங்கா பெய்தாத்தான் இஞ்ச நமக்கு வேல, கேட்டியா" என்று சிரிப்பாய். அரசாங்கம் இறக்குமதித் தீர்வையை ஏற்றினால் மில் ஒரு மாதம் தூங்கும். இறக்கினால் நமக்குத் தூக்கம் இருக்காது.

ஒரு வருடம் ஆனி மாதத்தில் மைசூர் பருப்பு ஏற்றிய கன்டெய்னர் ஒன்று கொழும்பில் கப்பல் மாறும்போது தேங்கிவிட்டது. பதினைந்து நாள் தாமதம். பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பேச்சிப்பாறைப் பக்கம் மலைக்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்குப் பருப்பு அனுப்புவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். சரக்கு வந்த திங்கட்கிழமை அவர் என் பின்னாலேயே நின்றார்.

"கதவுப் பக்கம் உள்ள ரெண்டு வரிசையக் குத்திப் பாரும்மா. போதும். ஒரே வயல்ல வெளஞ்ச சாமானம்தானே."

உள்ளே நடுவிலும் அடியிலும் உள்ள மூட்டைகளைக் குத்தாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூட்டைகளை இறக்கி அடுக்கி எல்லாவற்றையும் பார்க்க ஒரு முழுநாள் வேண்டும். முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கு அவசரம். எனக்கு அவரை எதிர்த்துப் பேசச் சோம்பல், கொஞ்சம் பயம். எட்டு மூட்டை பார்த்தேன். எல்லா மூட்டைகளுக்குமாகக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அரைத்தார்கள். மைசூர் பருப்பு முழுசாக வரும்போது மண்நிறத்தில் இருக்கும். உருளையில் தொலி உரிந்தால் உள்ளே செம்மஞ்சள். உரிந்த தொலி பின்கட்டில் மலை போலக் குவியும், மாட்டுத் தீவனத்துக்குப் போகும். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் வண்டி நான்கு மூட்டையோடு அந்த விடுதிக்குக் கிளம்பியது. எட்டரைக்கு நீ என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாய்.

"ஏட்டி, இஞ்ச வா. இந்தத் தொலியப் பாரு."

மண்நிறக் குவியலில் அங்கங்கே ரோஸ் நிறம். யாரோ பட்டாசுத் தாளைக் கிழித்துத் தூவியது போலிருந்தது.

"சாக்குல உள்ள மை ஒட்டியிருக்கும்" என்றேன்.

நீ ஒரு சில்வர் தம்ளரில் தண்ணீர் எடுத்து, அந்தத் தொலியில் ஒரு பிடி போட்டு விரலால் கலக்கினாய். தண்ணீர் மெதுவாக ரோஸ் ஆனது. விதைப்புக்கு வைக்கிற பருப்பில் பூஞ்சை மருந்தைப் புரட்டுவார்கள். யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்றுதான் அதற்குச் சாயமும் ஏற்றுவார்கள். எங்கோ மூட்டை கட்டுகிற இடத்தில் விதைப்பருப்பு கலந்திருக்கிறது. சாயம் தொலியோடு போய்விட்டது. உள்ளே இருக்கிற செம்மஞ்சள் பருப்பில் எது மருந்து பட்டது, எது படாதது என்று உன் மிஷினுக்கும் தெரியாது.

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றி உன்னிடம் கடைசிவரை பேசவே இல்லை, இப்போதாவது சொல்கிறேன். உடனே போன் செய்திருக்க வேண்டும். நானோ திரும்பவும் தட்டை எடுத்துக்கொண்டு போய், மிச்சம் இருந்த முழுப்பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். எதிலும் நிறம் இல்லை என்று ஆகிவிடாதா என்று தேடினேன். நீ வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். முக்கால் மணி நேரம் போனது.

முதலாளி வந்து தம்ளரைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "தொலி போச்சுல்லா, நெறமும் போச்சு. கழுவித்தானே வேக வைப்பாங்க? இத வெளிய விட்டா மில்லு அம்போன்னு போயிரும்."

"கழுவினா போற மருந்துன்னு ஒமக்கு ஆரு பறஞ்சா?" என்று நீ கேட்டாய். அவரை நீ அப்படிக் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினாய். மில் முழுவதும் சட்டென்று ஓசை அடங்கியது. அந்த அமைதியில்தான் எனக்கு விடுதிப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

வார்டனுக்கு நான்கு முறை போன் செய்தேன். மலைக்கு மேலே மழை. டவர் இல்லை. வண்டி ஓட்டிப் போன டிரைவரின் போனும் அப்படியே. நீ ஸ்கூட்டரைக் கிளப்பியபோது மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. அங்கே பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள்.

அழகியபாண்டியபுரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. உன் தோளை இறுகப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தேன். உன் தோள் கல் போலிருந்தது. கோபம் என்று நினைத்தேன். வழியில் ரப்பர் மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள். நீ இறங்கி, ரப்பர் பால் வெட்டுவதை நிறுத்தி மழைக்கு ஒதுங்கி நின்ற இரண்டு பேரிடம் போய், "அண்ணா, வண்டிய ஒண்ணு பிடிச்சுத் தூக்கித் தாருங்க. பிள்ளியளுக்க காரியம்" என்றாய். அவர்கள் என்ன காரியம் என்று கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து ஸ்கூட்டரைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். என் செருப்பு ஒன்று சேற்றில் போனது. எடுக்க நிற்கவில்லை.

விடுதிக்குள் நுழைந்தபோது பதினொன்றே கால். சமையல்கட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பெரிய அண்டாவில் பருப்பு பொங்கி நுரைத்தது. சமையல் செய்யும் ராஜம்மை அக்கா கையில் அகப்பையோடு திரும்பினார்கள்.

"எறக்குங்க அக்கா. அத எறக்கிக் கீழ வையுங்க" என்று நீ கத்தினாய்.

வார்டன் ஓடி வந்தார். ஒல்லியான, நேரம் தவறாத மனிதர். தலை முதல் கால்வரை நனைந்து நிற்கும் இரண்டு பெண்களையும், என் ஒற்றைச் செருப்பையும் பார்த்தார். நாம் சொன்னதைக் கேட்டார். நம்பவில்லை.

"வேற மில்லுக்காரங்க அனுப்பி வந்தீங்களா? போன வருசமும் இப்படி ஒருத்தர் வந்து கலகம் பண்ணினாரு. எம்பது பிள்ளைங்க காலையில கஞ்சி குடிச்சதுதான். இத நான் கொட்டினா மத்தியானம் எதக் குடுப்பேன்?" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மூட்டையோடு வந்த தரச் சீட்டு. "தரம் பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கே. இது பொய்யா?"

நீ என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சொல்லாவிட்டால் நீ சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது.

"அது எனக்க கையெழுத்து சார்" என்றேன். "நான் எல்லா மூட்டையும் பாக்கல. எட்டு மூட்டதான் பாத்தேன். பாத்த மாதிரி எழுதிக் குடுத்துட்டேன்."

வார்டன் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தன்மேல் இப்படிப் பழி போட்டுக்கொள்ள யாரும் மழையில் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ராஜம்மை அக்காவிடம் தலையசைத்தார். அண்டாவை இறக்கி மூடினார்கள். பிரிக்காத மூன்று மூட்டைகளையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

மூச்சு விடலாம் என்று நான் சுவரில் சாய்ந்தபோது ராஜம்மை அக்கா மெல்லிய குரலில் சொன்னார்கள்: "நான் உப்பு பாத்தேனே மக்கா. ரெண்டு அகப்பை."

அந்தப் பிற்பகலை எப்படிச் சொல்வது? பிள்ளைகள் ரசமும் தேங்காய் அரைத்த சம்மந்தியுமாகச் சோறு தின்று போனார்கள். வார்டன் ஜீப் பிடித்து ராஜம்மை அக்காவைக் குலசேகரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நாமும் பின்னால் போனோம். நாலரை மணிவரை நீ அவர்கள் கட்டில் அருகில் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். தலை சுற்றுதா அக்கா, வயிறு பிசையுதா அக்கா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாய். கடைசியில் அவர்களே சலித்துப்போய், "நீ கேட்டுக் கேட்டே எனக்குத் தல சுத்துது பிள்ளே" என்றார்கள். டாக்டர் வந்து, ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார். நீ எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாய். அவ்வளவு அழுகை ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. தப்பு என்னுடையது, அழுவது நீ.

பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்தார்கள். விதைமருந்து இருப்பது உறுதியானது. சரக்கு முழுவதையும் அழித்தார்கள், மில்லைச் சில வாரம் பூட்டினார்கள். எந்த ஊரில், எந்தச் சரக்குக் கிட்டங்கியில் அது கலந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. முதலாளி எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தார், அபராதமும் கட்டினார். மில் திறந்தபோது என்னைக் கூப்பிட்டார், உன்னைக் கூப்பிடவில்லை. சுவிட்சை இறக்கியதை அவரால் மறக்க முடியவில்லை. நீ அண்டியாபீசுக்குப் போய் முந்திரிக்கொட்டை உடைத்தாய். பொய்யாக எழுதிக் கொடுத்த நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நிறத்தைக் கண்டுபிடித்த உன் விரல்கள் முந்திரித் தொலியின் எண்ணெயில் கறுத்தன. நானும் அந்த வேலையை விட்டேன், ஆனால் அதற்கு ஒரு வருடம் ஆனது. அவ்வளவு தாமதித்ததற்கு நான் சொன்ன காரணங்கள் எதுவும் நல்ல காரணங்கள் அல்ல.

போன ஆண்டு நீ படுக்கையில் விழுந்த பின் நான் வந்த கடைசி நாள். மருந்தால் உன் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. உன் மகள் பால் விடாத கட்டன்சாயா போடப் போயிருந்தாள். நீ என் கையைச் சைகையால் கேட்டாய். கொடுத்தேன்.

"ஒரு காரியம் பறயணும். நீ கோவப்படாத."

"சொல்லு."

"அந்தச் செவ்வாக்கிழம சாயங்காலமே நான் கண்டேன். சல்லடமேல ரெண்டு பருப்பு மணி. நல்ல ரோஸ். கையில எடுத்தேன். மிஷின நிறுத்தணும்னு தோணிச்சு. பின்ன, நீ பாத்துக் கையெழுத்துப் போட்ட சாமானம்லா, நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்னு தூர எறிஞ்சேன். ராத்திரி ஒறக்கமே வரல. காலத்த வந்து தொலியப் போயிப் பாத்தது அதுக்குத்தான்."

நீ கண்ணை மூடிக்கொண்டு, "நான் நிறுத்தியிருந்தா அந்த வண்டியே போயிருக்காது" என்றாய். இத்தனை வருடம் அதைச் சுமந்துகொண்டுதான் அண்டியாபீசுக்குப் போய் வந்திருக்கிறாய். ஒரு நாள்கூட என்னைக் குறை சொல்லாததற்கும் அதுதான் காரணமாக இருந்திருக்கிறது.

உன் மகள் சாயாவோடு வந்தாள். நான் குடித்தேன். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்து எழுந்தேன். நீ கண் திறக்காமலே, "கோவமா ஏட்டி?" என்றாய்.

இல்லை என்று சொன்னேன். அது போதவில்லை, தெரியும். உன்மேல் தப்பில்லை, நீ நம்பியது என்னைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அருமனையில் பஸ் ஏறிய பிறகுதான் அந்த வார்த்தைகள் வந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை உன் மகள் போன் செய்தாள்.

சொல்லாமல் போன அந்த ஒரு வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இன்று வந்த கன்டெய்னரில் ஒரு மூட்டை விடாமல் பார்த்து முடிக்க மாலை ஆகிவிட்டது. இங்கே உள்ள முதலாளி இரண்டு முறை வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார். எல்லாம் முடிந்து சீட்டில் பேனாவை வைத்தபோது, மில்லுக்குள் சல்லடை முன்னால் ஒருத்தி என் பெயரைப் பார்த்து நிம்மதியாக வேலையைத் தொடர்வாள் என்ற நினைப்பு வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வரிசைக்குத் திரும்பப் போனேன்.