நீ விட்டுப்போன அரைச் சுற்று

காரின் பொனற்றைத் திறந்ததும் பெற்றோல் மணம். வெள்ளவத்தையின் கடற்காற்றாலும் கலைக்க முடியாத மணம்.

அக்கா, நீ கண்மூடியபின் முதன்முறையாக உன் பழைய காரை இன்று காலை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பின் இருக்கையில் அம்மா. பரிசோதகர் கருவியைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: “நங்கி, பெற்றோல் வெடி.” தங்கச்சி, பெற்றோல் அதிகம் என்கிறார்; சிங்களத்தில் ‘வெடி’ என்றால் அதிகம். அம்மா கதவைத் திறந்து பாய்ந்துவிட்டா.

“இறங்கடி! வெடிக்கப் போகுதாம்!”

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

பரிசோதனையில் தேறாமல் திரும்பி வரும்போது அம்மா சிரிக்கவில்லை. “றோட்டில விட ஏலாத காரை வாசலில வைச்சுப் பார்த்து அழவோ? ஆருக்காவது குடுத்துப் போடுவம்.”

காரை வைத்திருக்க வேண்டுமானால் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரின் கலவைத் திருகைத் தொட வேண்டும். அது, உன் விரல்கள் கடைசியாக நிறுத்திய இடத்தில் அப்படியே நிற்கிறது.

நீ கடைசியாக அதைத் தொட்ட அந்தப் பின்னேரம். வீட்டு வாசலில் ஒழுங்கை முழுக்க வெளிறிய வெயில். தண்டவாளத்தில் ரயில் போனபின்னும் நடுங்கிக்கொண்டிருந்த யன்னல்கள். புகைக்குழாயில் நீ பொருத்திய ஒட்சிசன் சென்சர். ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் எண், தண்ணீருக்குள் தெரிவதுபோல அசைந்தது. எண் ஏறினால் “பசி” என்பாய். இறங்கினால், “வயிறு முட்டிப்போச்சு.”

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அங்கிள்: “என்ன பிள்ளையள், காருக்கு ஈசிஜியோ?”

“ஓம் அங்கிள். அடுத்தது நீங்கள்தான்.”

மருந்துகள் உன் மூக்கை எடுத்துவிட்டிருந்தன. கறி கருகினாலும் உனக்குத் தெரியாது.

“பெற்றோல் மணக்குது அக்கா.”

“சென்சர் பசி எண்டுது. ஆரை நம்பிறது?”

“என்னை.”

“உனக்குத் தடிமன். மூக்கைச் சீறிப்போட்டு வா.”

அரைச் சுற்றுத் திருப்பினாய். இன்னும் பெற்றோல். பசித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல இயந்திரத்தைப் பார்த்தாய்.

இன்று மத்தியானம் காருக்குக் கீழே படுத்தேன். சென்சருக்குச் சற்று முன்னால், குழாய் மூட்டில் ஒரு துளை. மிளகு அளவு. உப்புக்காற்று தின்றது. புகை துடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது.

சென்சர் பொய் சொல்லவில்லை அக்கா. கடற்காற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. பசிக்காத ஒன்றுக்கு நீ ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாய்.

துளையைப் பசை வைத்து அடைத்தேன். காய்ந்தபின் இயந்திரத்தை முடுக்கினேன். எண் சரிந்தது.

திருப்புளி கையில். உன் திருகு நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போடலாமா என்று நினைத்தேன். போடவில்லை. கொஞ்சம் பின்னோக்கித் திருப்பினேன். கையை எடுத்தேன். காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம். நீ அப்படித்தான் செய்வாய்: தொட்டபின் விட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்பாய். மனிதர்களோடும் இப்போது நான் அப்படித்தான். ஒரு சொல். பிறகு கையை எடுத்துவிடுவது.

அரைச் சுற்று முடிந்தது. இயந்திரத்தின் இருமல் போன்ற சத்தம் தேய்ந்து, தேய்ந்து, ஒழுங்கையின் மௌனத்தோடு கலந்தது.

அம்மா படிக்கு வந்தா. முகம் வெளுத்திருந்தது.

“நிண்டிட்டுதோ?”

“இல்லை அம்மா. ஓடுது.”