மீட்டிங்கில் தூக்கிய கை

புதுச்சேரி
14-10-2007

அன்பு மகள் இனியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சளி, இருமல் அண்டாமல் இருக்க வேண்டுகிறோம். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்று கேட்பாய். போனில் எல்லாம் நல்லபடி என்று சொன்னது பொய்யம்மா, அம்மா பக்கத்தில் நின்றாள்.

கடை ஓடவில்லை. ஜூலையில் இங்கேயும் வாட் வரி வந்ததல்லவா, அதுவரை நம் ஊரில் வரி குறைவு என்று விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்து குழாயும் வாஷ்பேசினும் வாங்கினார்கள், இப்போது அங்கேயும் அதே விலை, எவன் வாஷ்பேசினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவான். அது அரசாங்கம் செய்தது, மிச்சத்தை உன் அப்பன் செய்தேன். வரியை விளக்க மண்டபத்தில் மீட்டிங் போட்டார்கள், வியாபாரிகள் சங்கத் தலைவன் என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சின்னக் கடைகளுக்கு இரண்டு வழி, ஒன்று பில்லுக்குப் பில் வரிக்கணக்கு வைப்பது, இன்னொன்று விற்பனையில் சொற்பமாக ஒரு வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது, ஆனால் என்று அதிகாரி இழுத்தார். அந்த ஆனால் முடிவதற்குள் இரண்டாவது வழிக்குக் கையைத் தூக்கிவிட்டேன், கணக்கு என்றாலே எனக்கு எட்டாம் வகுப்பு வாத்தியார் முகம் வந்துவிடும். என்னைப் பார்த்து நம் தெருவே தூக்கியது, நீட்டிய படிவத்தில் கையெழுத்தும் போட்டோம். பக்கத்துக் குழாய்க்கடை கோவிந்தராசு மட்டும் தூக்கவில்லை, மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆனால் என்னவென்றால் நாங்கள் பில்லில் வரி போட்டுக் கொடுக்கக் கூடாது. காண்ட்ராக்டர்களுக்கோ வரி போட்ட பில் இருந்தால்தான் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியும். பழைய பிரெஞ்சு வீடுகளை லாட்ஜாக்கித் தருகிற காண்ட்ராக்டர் ழான்-லூக், உங்ககிட்டதான் வாங்கணும்னு ஆசை முசே, பில்லு இல்லாம எனக்குக் கட்டுப்படியாவலியே என்று சொல்லிவிட்டுக் கோவிந்தராசு கடைக்குள் போய்விட்டார். தெரியாமல் தூக்கிவிட்டேன் ஐயா, மாற்றிக் கொடுங்கள் என்று ஆபீஸில் நின்றேன், கையெழுத்தையும் தெரியாமத்தான் போட்டீங்களா, ஏப்ரல்ல புது வருஷக் கணக்கு தொறக்கும்போது வாங்க என்றார்கள்.

பெயின்ட் கடை இராமதாஸ், தலைவரே, அடுத்த மீட்டிங்குக்குக் கைய வீட்ல வெச்சிட்டு வா என்று தெருவே கேட்கக் கத்தினான், அதைத் தாங்கிக்கொண்டேன். எதிர்க்கடை ஜோசஃபின் மதாம், புருஷன் போனபின் ஒற்றையாளாய் எலக்ட்ரிக் கடை நடத்தினாரே, அவர் ஷட்டரை இறக்கிவிட்டார். என்னைத் திட்டவும் இல்லை, உங்க கையப் பாத்துதான் தூக்குனேன், நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லையம்மா. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயப்படாதேயம்மா, மீன் ஏலம் விடுகிறவள் வந்து, இன்னாய்யா, மீன் வாங்கறியா, வழி விடறியா என்று விரட்டிவிட்டாள்.

இதைப் படித்தால், கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்பாய். என்னைப் பார்த்துக் கை தூக்கியவர்களை விட்டுவிட்டு எந்த முகத்தோடு விமானம் ஏறுவேன். சங்கத் தேர்தலில் என்னிடம் தோற்றதிலிருந்து கோவிந்தராசு என்னோடு பேசுவதில்லை, இருந்தும் நேற்று அவர் கடைப்படி ஏறி, மதாமுக்கு ஒரு வேலை கொடு என்று கேட்டேன். அந்தம்மா வரட்டும், நீயும் வாய்யா, தனியா சமாளிக்க முடியல, சம்பளம் தரேன், தலைவர்னு யாரும் கூப்புட மாட்டாங்க, பரவால்லையா என்றார். சரி என்றேன். நம் கடையைப் பூட்டிவிட்டு நாளை காலை போகிறேன். ஏப்ரலில் நம் ஷட்டரைத் தூக்குவேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னேன், சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். பணம் ஏதும் அனுப்பாதே, வேளைக்குச் சாப்பிடு. இனிப் பகலில் நம் கடை நம்பருக்கு அடிக்காதே, கோவிந்தராசு கடை நம்பரைக் கடித உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர்தான் எடுப்பார். முதலாளி இருக்கிறாரா என்று என்னை நினைத்துக் கேட்டுவிடாதே. அப்பன் பேரைச் சொல்லக் கூச்சப்படாமல், ராஜாங்கத்தைக் கூப்பிடுங்கள் என்று சொல், வந்து பேசுகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ராஜாங்கம்