சின்னவள் கம்ப்யூட்டரில் ஒரு காற்றுக் குமிழி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கையும் சுகம். உன் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, ஆனாலும் யாராவது பார்த்தால் மட்டும் கொஞ்சம் நொண்டுகிறார்.

போன வாரம் வீடு பட்ட பாட்டை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். நீ போனில் சொல்லி வாங்க வைத்த பாகங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சின்னவள் தானே கம்ப்யூட்டரை மாட்டி முடித்துவிட்டாள். கட்டடக்கலைப் படிப்பின் கடைசிப் படத்தைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும், தவறினால் ஒரு வருடம் போச்சு. வரைந்த கட்டடத்தை வெயிலும் நிழலுமாக நிஜம்போலக் காட்டுகிற படமாம் அது. வெள்ளிக்கிழமை அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டாள், நாலே நிமிஷத்தில் பெட்டி பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. கணக்குப் போடும் ப்ராசஸர் சில்லு நூறு டிகிரிக்குப் போய்விடுகிறதாம், கருகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்கிறதாம். கழற்றிக் காட்டினாள். ஒரு தீப்பெட்டி அளவு இருக்குமா? அதற்குள் வெந்நீர் கொதிக்கிற சூடு! அதை ஆற்றத் தண்ணீரைச் சுற்றவிடும் ஒரு குட்டிப் பம்ப், இரண்டு குழாய், தண்ணீரின் சூட்டை வெளியே தள்ள ஒரு ரேடியேட்டர்.

சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினாள். விசிறிகள் சுற்றின, வயர்கள் சரியாக இருந்தன, சில்லின் மேல் சூடு கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவியும் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டோம், நடுக்கடலில் லைன் கிடைக்கவில்லை. அப்பா மேசை விசிறியைத் தூக்கிவந்து அதன் முன்னால் வைத்தார், ஆறு நிமிஷம் ஓடியது, அதற்கே அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஞாயிறு மதியம் நான் டயாலிசிஸ் பிரிவில் டியூட்டி முடிந்து வந்தபோது அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து களக் களக் என்று ஒரு சத்தம். பத்தொன்பது வருடமாக நோயாளியை மெஷினில் இணைக்கும் முன் குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் விரட்டுகிற என் காதுக்கா அது தெரியாது? குழாயில காத்து இருக்குடி என்றேன். இது உன் ஆஸ்பத்திரி மெஷின் இல்லம்மா, சீல் பண்ணி வந்தது என்று எரிந்து விழுந்தாள். சீல் பண்ணாலும் காத்து மேலதானே போகும், இதுல எது மேல இருக்கு என்று கேட்டேன். அவள் குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். ரேடியேட்டரை அடியில் மாட்டியிருந்தாள், பம்ப் அதற்கு மேலே, உள்ளே இருந்த காற்றெல்லாம் பம்பில் போய் உட்கார்ந்து தண்ணீரை ஓடவிடாமல் மறித்துக்கொண்டிருந்தது. இருவருமாகப் பெட்டியைச் சாய்த்து ரேடியேட்டர் மேலே வரும்படி பிடித்தோம். நான் விரலால் குழாயைத் தட்டத் தட்ட, அந்தச் சத்தம் மெல்ல மேலேறிப் போய் நின்றே விட்டது. பிறகு ரேடியேட்டரைப் பெட்டியின் உச்சியிலேயே மாட்டினாள். படத்தை ஓடவிட்டாள், சூடு அறுபத்தெட்டில் நின்றது, அதற்கு மேல் ஏறவேயில்லை.

ரத்தம் ஓடும் குழாய்க்கும் கணக்குப் போடும் பெட்டிக்கும் ஒரே விதியா என்று நான் மலைத்துப்போய் நிற்கும்போதே திரையில் படம் தெளிந்துவந்தது. சின்னவள் வரைந்த பள்ளிக்கூடம், வகுப்பறை ஜன்னல், தரையில் சாய்ந்து விழும் காலை வெயில். ஒவ்வொரு கதிரும் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று அந்தத் துளிச் சில்லு கணக்குப் போட்டதாம். அப்பா நொண்டாமல் எழுந்து வந்தார். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத அறையில் விழுந்த வெயிலை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படத்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டாள். நீ நூறாயுசு நன்றாக இரு. இன்ஜின் அறையில் காதடைப்பான் போடாமல் நிற்காதே, கரை சேர்ந்ததும் உன் தங்கையைக் கூப்பிட்டுப் பேசு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா