இரண்டு திரையிலும் ஒரே டிராகன்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இங்கே லேப்டாப் கடைக்காரர் என்னைக் கண்டாலே ஒளிகிறார். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பாப்பாவின் அனிமேஷன் படிப்புக்கு உச்சபட்ச கிராபிக்ஸ் சிப் வேண்டுமா, ஒரு படி கீழே போதுமா என்று மூன்று நாள் முழித்தேன். "இதை எடுங்க" என்று அதட்ட நீயும் பக்கத்தில் இல்லை.

கடைக்காரர் இரண்டு லேப்டாப்பிலும் ஒரே டிராகனைப் பறக்கவிட்டார்.

"வித்தியாசம் தெரியுதா சார்?"

"ரெண்டும் பச்சையா இருக்கு."

"செதிலைப் பாருங்க சார், தனித்தனியா மின்னும்."

எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. ஒரு படி கீழான சிப் உள்ள லேப்டாப்பையே வாங்கி, ஊருக்கு வரும் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். அப்பா நன்றாகப் பார்த்துத்தான் வாங்கினார் என்று பாப்பாவிடம் சொல்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்

பி.கு: பீரோவில் என் கண் டாக்டர் சீட்டு இருக்கும், படமெடுத்து அனுப்பு. கண்ணாடி உடைந்து பத்து நாளாகிறது.