ஐசிங்குக்கு வாங்கிய கிளிசரின்

கொட்டாஞ்சேனை,
28.11.1995

என் அன்பான கணவர் ஒஸ்வால்ட் அவர்களுக்கு,

மாதாவின் காவலில் நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் கப்பலில் ஏறப்போகும் வலன்ரைனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பப் பயமாக இருக்கிறது.

முன்னறையில் வாடகைக்கு இருக்கும், கம்பஸில் படிக்கிற பையன் பூபாலசிங்கத்தின் மேல் எனக்கு முதலிலிருந்தே ஒரு கண். உங்களுக்குத்தான் எல்லோரும் நல்லவர்களாயிற்றே, அறையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். போன மாதம் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளைப் புலிகள் எரித்த பிறகு யாழ்ப்பாணத்துப் பையனை யார் நம்புவார்கள்? கிறிஸ்மஸ் கேக் ஐசிங்குக்கு நான் வாங்கிவைத்த கிளிசரின் போத்தல் அவன் மேசையில் இருந்தது. பக்கத்தில் ஊசி, இரண்டு கண்ணாடி, கடலோரக் களப்பு வரைபடம் போலக் கிளை கிளையாக மை படிந்த தாள்கள்.

கேட்டேன். "கேக்காமல் எடுத்தது பிழைதான் அன்ரி, படிப்புக்குத்தான்" என்றான். கண்ணாடிகளுக்கிடையே கிளிசரினைத் தடவி, மைத்தண்ணீரை ஊசியால் ஏற்றிக் காட்டினான். அது வட்டமாகப் பரவவில்லை, விரல் விரலாகப் பிரிந்தது. மெல்லிய திரவம் தடித்த திரவத்தைத் தள்ளினால் அப்படித்தானாம். விளிம்பில் ஓரிடம் கொஞ்சம் முந்தினால், அதற்கு முன்னால் தள்ளவேண்டிய கிளிசரின் குறைந்துவிடும். அதனால் அந்த இடம் இன்னும் வேகமாக ஓடும். நுனி அகன்று மறுபடி பிளக்கும். காற்றுக்கும் அதே குணமாம். நிலத்தடி எண்ணெயைத் தண்ணீரால் தள்ளும்போதும் இதே கரைச்சல்தானாம், தண்ணீர் முந்தி ஓட எண்ணெய் பின்தங்கிவிடுமாம். எண்ணெய் என்றதும் எனக்குக் கொலன்னாவைதான் நினைவுக்கு வந்தது.

நேற்று பொலிஸ் வந்து வீட்டைச் சோதித்தது. மேல்மாடி றொபேட்தான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன். தாளைக் காட்டி, இது எந்தக் களப்பு என்றார்கள். கிளிசரினில் குண்டு செய்யலாம் என்றார்கள். போத்தல் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டபோது பூபாலசிங்கம் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அவனும் என் பெயரைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அள்ளி, அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போதும் என் சந்தேகம் விடவில்லை. அவன் சொன்னது பொய்யாக இருந்தால் நான் பேசாமல் நின்றது சரியாகிவிடும் அல்லவா? நம் கல்யாணப் படத்தின் கண்ணாடியையும் ஒரு யன்னல் கண்ணாடித் துண்டையும் எடுத்து, நடுவில் தயிருக்கு ஊற்றும் கெட்டிக் கித்துள் பாணியைத் தடவினேன். ஊசி இல்லை. மேல் கண்ணாடியை மெல்லத் தூக்கினேன். காற்று உள்ளே புகுந்து அதே விரல்களை விட்டது. எத்தனை தடவை செய்தாலும் அதேதான். பாணிக்குப் பொய் சொல்லத் தெரியாதே. உட்கார்ந்து அழுதேன்.

நாளை காலை பொலிசுக்குப் போய், போத்தல் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். போகாதே என்றுதான் எழுதுவீர்கள். அதனால் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பிள்ளைகளை வெள்ளவத்தையில் தங்கச்சி கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் விட்டிருக்கிறேன். விளக்கில்லாமல் சின்னவள் தூங்கமாட்டாள் என்பதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான் திரும்பி வரப் பிந்தினால், நீங்கள் தங்கச்சிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கடலில் உங்களை ஆண்டவர் காப்பாராக.

என்றும் உங்கள்,
மெற்றில்டா